டேமில் குளிக்கப் போகிறவர்கள் விடும் தவறுகள்

தீபாவளிக்கும் ஏப்ரல் விடுமுறைக்கும் கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகள் மலையகத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தால், கூட்டமாகக் குளிக்கப் போவது பெரும்பாலும் டேமுக்குத்தான். காசல்ரீ, மவுசாக்கலை, மேல் கொத்மலை எல்லாமே ஆற்றை மறித்துக் கட்டியவை. அவற்றை ஊர்க்குளமாக நினைத்து இறங்குவதே பெரிய தவறு.

டேமின் கரை என்பது மலைச்சரிவு. முழங்கால் தண்ணீரில் நிற்பவருக்கு அடுத்த எட்டில் கால் எட்டாமல் போகலாம். மவுசாக்கலையில் தண்ணீர் வற்றும்போது டேமுக்குள் மூழ்கிய பழைய மஸ்கெலியா நகரின் கோவிலும் கட்டடங்களும் வெளியே தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் நிறைந்தாலும் அந்தச் சுவர்கள் அங்கேதான் நிற்கின்றன. மழையும் மின் உற்பத்தியும் நீர்மட்டத்தை ஏற்றி இறக்கியபடியே இருக்கும். போன வருடம் தலைகீழாகப் பாய்ந்த அதே பாறையிலிருந்து இந்த வருடம் பாய்ந்தால் கழுத்து முறியலாம். பாயவே வேண்டாம்.

வெயிலில் கிரிக்கெட் ஆடிய கையோடு குதிப்பதும் ஆபத்து. குளிர் சட்டென்று பட்டால் நம்மை அறியாமலே மூச்சை இழுப்போம். அப்போது வாய் தண்ணீருக்குள் இருந்தால் அதுவே போதும். முகத்தையும் நெஞ்சையும் நனைத்து, மூச்சு சீரானபின் கரையோரமாகவே நீந்துங்கள். அக்கரைக்குப் பந்தயம் வேண்டாம். திணறினால் அடித்துப் போராடாமல் மல்லாந்து மிதந்து மூச்சை மீட்டுக்கொள்ளுங்கள்.

சாராயம் குடித்தவர் கரையிலேயே இருக்கட்டும்.

அணைக்குக் கீழே ஆற்றில் குளிப்பவர்களுக்கு வேறோர் ஆபத்து உண்டு. நீங்கள் நிற்கும் இடத்தில் வெயிலடிக்கும். மேலே நீரேந்துப் பகுதியில் கொட்டிய மழைக்கு லக்ஷபான அணையிலோ கென்யோன் அணையிலோ வான்கதவு திறக்கும். தண்ணீர் கலங்கினாலோ, சருகுகள் மிதந்து வந்தாலோ, சைரன் கேட்டாலோ உடுப்பைத் தேடாமல் மேட்டுக்கு ஏறுங்கள்.

என்னை அதிகம் வருத்துவது, ஒருவரைக் காப்பாற்றப் போய் இன்னொருவரும் போவது. மூழ்குகிறவர் கத்துவார் என்று காத்திருக்காதீர்கள். மூச்சுக்கே வழியில்லாதவருக்குக் குரல் வராது. தலை பின்னால் சாய்ந்து, வாய் தண்ணீர் மட்டத்தில் இருக்க, சத்தமில்லாமல் அமிழ்ந்துவிடுவார். தம்பி என்றாலும் பாயாதீர்கள். பயத்தில் அவர் உங்களைப் பிடித்து அமுக்குவார். கரையில் குப்புறப் படுத்து, கம்பையோ முறுக்கிய சாரத்தையோ நீட்டுங்கள். குளிக்கப் போகும்போதே ஐந்து லீற்றர் வெற்று கேன் ஒன்றில் நீளமான கயிறு கட்டி எடுத்துப் போங்கள். உள்ளே ஒரு கோப்பை தண்ணீர் விட்டு மூடியை இறுக்கினால், வீசும்போது தூரம் போகும். பிடித்தவரை மிதக்கவும் வைக்கும்.

வெளியே எடுத்ததும் வயிற்றை அமுக்குவது, தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவது எல்லாம் நேரத்தைக் கொல்லும் பழக்கம். பேச்சுமில்லை, மூச்சுமில்லை என்றால் மல்லாக்கக் கிடத்தி, தலையைச் சாய்த்து, மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து ஐந்து முறை ஊதுங்கள். பிறகு நெஞ்சின் நடுவில் 30 அழுத்தம், 2 ஊதல் என்று விடாமல் தொடருங்கள். இன்னொருவர் 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்ஸை அழைக்கட்டும். தோட்டப் பாதையில் வண்டி வழி தவறாமலிருக்க ஒருவர் பிரதான வீதிக்கு ஓடட்டும். எழுந்து உட்கார்ந்து பேசினாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். நுரையீரலுக்குள் போன தண்ணீர் சில மணி நேரம் கழித்தும் மூச்சை அடைக்கலாம்.