போர்ட் லூயிஸில் என்னைக் காப்பாற்றிய கடிகாரம்

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து கப்பலில் வந்த எங்களுக்கு, மொரீஷியஸ் தலைநகர் போர்ட் லூயிஸில் ஒரே ஒரு பகல்தான். துறைமுக வாசலில் டாக்சிக்காரர் கேட்ட தொகை மலைக்க வைத்தது. அக்காவும் நானும் இமிகிரேஷன் ஸ்கொயர் பஸ் நிலையத்துக்கு நடந்தோம். தாவரவியல் பூங்கா இருக்கும் பாம்பிள்மூஸ் ஊருக்கான பஸ் அங்கிருந்துதான் புறப்படுகிறது. டிக்கெட்டை நடத்துநர் பஸ்ஸுக்குள்ளேயே தருகிறார்; சில்லறை இருந்தால் போதும். அவர் மீதி கொடுத்த நோட்டில் தமிழ் எழுத்து! அக்கா அதைச் செலவழிக்க மறுத்து, மடிக்காமல் பைக்குள் வைத்துக்கொண்டார்.

தாவரவியல் பூங்காவில் தாம்பாளம் போல விளிம்பு மடிந்த ராட்சத அல்லி இலைகள். பார்த்துக்கொண்டே இருந்துவிட்டோம். கைபேசியில் மணி 12. பக்கத்தில் நின்ற பாட்டியிடம் பேச்சுக் கொடுத்தேன். உள்ளூர் மொழியான கிரியோலுக்கு நடுவே நாலைந்து தமிழ்ச் சொற்கள் வந்தன. "மணி இரண்டு, அம்மா" என்று தம் கடிகாரத்தைக் காட்டினார். வயிறு கலங்கிவிட்டது. மொரீஷியஸ் நேரம் டர்பனைவிட 2 மணி நேரம் முன்னால். கப்பலில் கடிகாரத்தை மாற்றியிருந்தார்கள்; ரோமிங் இல்லாத என் கைபேசி மாறவில்லை. 4 மணிக்குள் கப்பலில் இருக்க வேண்டும்!

அடுத்த பஸ்ஸிலேயே திரும்பினோம். அன்றிலிருந்து சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்றில் கப்பல் நேரத்தை வைத்துக்கொண்டுதான் கரை இறங்குகிறேன். கரையில் மணி பார்க்கக் கைபேசியைத் தொடுவதே இல்லை.