ஆபரேஷன் தியேட்டரில் ‘கவுன்ட் கரெக்ட்’ சொன்ன பிறகு நடக்கும் தவறுகள்

தியேட்டருக்குப் புது பேட்ச் வரும்போதெல்லாம் பழைய தவறுகளும் கூடவே வந்துவிடுகின்றன. ஹவுஸ் சர்ஜன், ஓ.டி. டெக்னீஷியன் மாணவர், வார்டிலிருந்து மாற்றலாகி வந்த சிஸ்டர் என்று ஆள்தான் மாறுகிறார்கள். தொப்பி, மாஸ்க், தியேட்டர் செருப்பு, ஈரத் தரை, காலில் சிக்கும் ஒயர் பற்றியெல்லாம் முதல் நாளே சொல்லிவிடுவார்கள், அவை இங்கே வேண்டாம். யாரும் சொல்லித்தராமல் விட்டுவிடுகிற, வேலை செய்பவர் உடம்புக்கே வினையாகிற விஷயங்களை மட்டும் பார்ப்போம்.

‘கவுன்ட் கரெக்ட்’ என்றதும் பொறுப்பைக் கை கழுவுவது

உலக சுகாதார நிறுவனத்தின் அறுவை சிகிச்சை செக்லிஸ்ட்டில் 19 அம்சங்கள் உண்டு. நோயாளி தியேட்டரை விட்டுப் போகும் முன் ஊசி, மாப் (ரத்தம் ஒற்றும் துணி), கருவி எண்ணிக்கை சரிபார்ப்பது அவற்றில் ஒன்று. எண்ணிய ஊசிகள் அதன்பின் எங்கே போக வேண்டும் என்று அதில் ஒரு வரியும் கிடையாது. குறை சொல்ல முடியாது. அது நோயாளிக்கான செக்லிஸ்ட். வயிற்றுக்குள் ஊசி இல்லை என்பது உறுதியானால் அதன் வேலை முடிந்தது. ஆனால் வயிற்றில் இல்லாத அந்த ஊசி ட்ராலியில்தானே இருக்கிறது?

கருவி எடுத்துக்கொடுக்கும் ஸ்க்ரப் சிஸ்டர் “கவுன்ட் கரெக்ட் சார்” என்கிறார். சர்ஜன் கிளவுஸைக் கழற்றுகிறார், மயக்க மருந்து டாக்டர் நோயாளியை எழுப்புகிறார், அடுத்த கேஸை உள்ளே அழைக்கச் சொல்லிவிட்டார்கள். அந்தப் பத்து நிமிட அவசரத்தில் ட்ராலி அப்படியே துணியோடு சுருட்டப்படுகிறது. கத்திப் பிடியான பி.பி. ஹேண்டிலில் பிளேடு மாட்டியபடியே இருக்கும். நீடில் ஹோல்டரின் வாயில் பாதி நூலோடு ஊசி கவ்வியிருக்கும். கடைசித் தோல் தையல் போட்ட கட்டிங் ஊசி ரத்த மாப்புக்குள் செருகியிருக்கும். எண்ணிக்கை அட்டையில் எல்லாமே சரி.

குத்துப்படுவது இதைச் செய்தவர் இல்லை என்பதுதான் எரிச்சலைக் கிளப்புகிறது. துணி மூட்டையை அள்ளும் ஹவுஸ்கீப்பிங் அம்மாவோ, கருவிகளைச் சுத்திகரிக்கும் பிரிவான சி.எஸ்.எஸ்.டி.யில் கருவி கழுவும் பையனோதான் மாட்டுவார்கள். நுரைத்துக் கலங்கிய என்ஸைம் கரைசலுக்குள் கையை விட்டு ட்ரேயைத் தூக்குபவருக்கு அடியில் என்ன கிடக்கிறது என்று தெரியாது. அதற்குள் நாலைந்து கேஸ் ட்ரேக்கள் ஒன்றாகக் கலந்திருக்கும். எந்த நோயாளியின் ரத்தம் என்று கண்டுபிடிக்க முடியாது. சர்ஜன் கையில் குத்தினால் நோயாளி எதிரிலேயே படுத்திருக்கிறார், சம்மதம் வாங்கி ரத்தம் எடுத்துவிடலாம். இங்கே அந்த வழியும் அடைபடுகிறது. ஹெபடைடிஸ் பி வைரஸ் காய்ந்த ரத்தத்தில் குறைந்தது ஒரு வாரம் உயிர்ப்போடு இருக்கும், ஆகவே ‘பழைய ஊசிதானே’ என்ற ஆறுதலும் செல்லாது.

ஒப்பந்தப் பணியாளர் என்றால் தடுப்பூசியே போட்டிருக்க மாட்டார்கள். 2016-ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள், கழிவைக் கையாளும் எல்லோருக்கும் ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி போடுவதை மருத்துவமனையின் கடமையாக வைத்திருக்கின்றன. ‘அவர்கள் ஏஜென்சி ஆட்கள்’ என்பது அதற்குப் பதில் ஆகாது.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். தைத்து முடித்த ஊசி ஒவ்வொன்றும் உடனுக்குடன் எண் போட்ட நீடில் கவுன்டர் பெட்டிக்குப் போகட்டும். மாப்பிலோ நோயாளியைப் போர்த்திய டிரேப்பிலோ ‘ஒரு நிமிஷம்’ செருகி வைப்பது வேண்டாம். பிளேடை விரலால் கழற்றக் கூடாது. நுனி கீழ்நோக்கி, யாரும் நிற்காத பக்கம் பார்த்திருக்க, அடிப்பகுதியை நீடில் ஹோல்டரால் பிடித்து, லேசாகத் தூக்கி, தள்ளிக் கழற்ற வேண்டும். ஆர்த்தோ கேஸில் வெட்டி எடுத்த கே-ஒயர் (எலும்பில் செருகும் கம்பி) நுனிகளும் இந்தக் கணக்கில் சேரும். வெட்டும்போது நுனியை மாப்பால் மூடிப் பிடிக்காவிட்டால் அது தெறித்துப் போய் யார் கண்ணையும் தேடும். டவல் கிளிப்பின் வாய் மூடியிருக்கட்டும்.

பிறகு இரண்டாவது எண்ணிக்கை. திறந்த ஊசி எத்தனை, பிளேடு எத்தனை, வெள்ளை நிறத் துளைபடாத டப்பாவுக்குள் போனது எத்தனை என்று ஸ்க்ரப் சிஸ்டரே வாய்விட்டுச் சொல்ல, சுற்றி நின்று உதவும் சர்க்குலேட்டிங் சிஸ்டர் எழுதிக்கொள்ள வேண்டும். ட்ரே அதற்கப்புறம்தான் தியேட்டர் கதவைத் தாண்ட வேண்டும். இதற்கு ஒரு நிமிடம் கூட ஆகாது. டப்பா முக்கால் பங்கு நிறைந்ததும் மூடி மாற்றிவிடுங்கள். கழுத்துவரை நிரம்பிய டப்பாவில் ஊசியை அழுத்தித் திணிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சி.எஸ்.எஸ்.டி. பக்கம் ஒரே ஒரு மாற்றம் போதும்: கருவிகளைத் துளையுள்ள கூடையில் வைத்து ஊறப்போட்டால் கூடையோடு தூக்கிவிடலாம், கரைசலுக்குள் கை விடவே தேவையில்லை.

குத்திய இடத்தைப் பிழிவது, அப்புறம் மறைப்பது

பிழிந்தால் திசுதான் நசுங்கும், வைரஸ் வெளியே வராது. விரலை வாயில் வைக்காதீர்கள். ஸ்பிரிட்டும் பிளீச்சும் ஊற்றாதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டுக் கழுவினால் போதும். கண்ணில் தெறித்திருந்தால் தண்ணீரோ சலைனோ விட்டு 10 நிமிடமாவது அலச வேண்டும்.

மறைப்பதுதான் பெரிய கேடு. பி.ஜி. மாணவர் ‘சார் திட்டுவார்’ என்று கிளவுஸை மாற்றிக்கொண்டு தொடர்வார், ராத்திரி படுக்கும்போது பயம் வரும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தின் முதல் டோஸ் 2 மணி நேரத்துக்குள் போனால் நல்லது, 72 மணி நேரத்துக்கு மேல் தொடங்கிப் பயனில்லை. தொடங்கினால் 28 நாள் முழுக்கச் சாப்பிட வேண்டும். நோயாளி யாரென்று தெரியாத நிலையில் முடிவு செய்ய நேரமாகும் என்றால், முதல் டோஸைப் போட்டுவிட்டு யோசிப்பது நல்லது.

ஊசிக் குத்தில் எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு சுமார் 0.3 சதவீதம். தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைடிஸ் பி தொற்றும் வாய்ப்பு 6 முதல் 30 சதவீதம். எல்லோரும் முதலாவதைக் கேட்டுத்தான் வெளிறிப்போகிறார்கள், இரண்டாவதற்கு மூன்றே ஊசி: 0, 1, 6 மாதங்களில். மூன்றும் முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் ரத்தத்தில் ஆன்டி-ஹெச்.பி.எஸ். (தடுப்பூசியால் வந்த எதிர்ப்புப் பொருள்) அளவு 10 mIU/mL-க்குக் குறையாமல் இருக்கிறதா என்று பார்த்து, அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள். குத்துப்பட்ட நாளில் அந்த ஒரு தாள் பல கேள்விகளை முடித்துவைக்கும்.

கையிலிருந்து கைக்குக் கத்தி

இருவருக்கும் நடுவே ஒரு கிட்னி ட்ரே வையுங்கள். “பிளேடு” என்று சொல்லி வைக்க வேண்டும், மற்றவர் எடுக்க வேண்டும். ட்ரேயில் ஒரு நேரத்தில் ஒரு கூர்க்கருவிதான் இருக்கலாம். இரட்டைக் கிளவுஸ் போடும்போது உள்ளே போடுவது அரை சைஸ் பெரிதாகவும் அடர் நிறமாகவும் இருந்தால் கை மரத்துப்போகாது, மேல் கிளவுஸில் ஓட்டை விழுந்ததும் ஈரத்தில் நிறம் தெரிந்துவிடும். ஊசி பிடிக்காத கையின் ஆள்காட்டி விரலில்தான் அதிக ஓட்டை, அங்கே அடிக்கடி பாருங்கள். தசையை மூடிய ஃபேஷியா உறையைத் தைக்க மழுங்கு முனை ஊசி போதும். அமெரிக்காவின் எஃப்.டி.ஏ., நியோஷ், ஓஷா என்ற மூன்று அரசு அமைப்புகளும் 2012-லேயே சேர்ந்து இதைப் பரிந்துரைத்துவிட்டன. ‘தையல் ஓடாது’ என்று அலுத்துக்கொள்பவர்கள் தோலில் முயன்று பார்த்தவர்களாக இருப்பார்கள். தோலுக்கு அது ஆகாதுதான்.

காட்டரி

ரத்தக்குழாயைப் பிடித்த ஆர்ட்டரி ஃபோர்செப்ஸை உதவியாளர் விரல் நுனியால் தொட்டுக்கொண்டிருக்க, சர்ஜன் அதன்மேல் காட்டரி (மின்சாரத்தால் சுட்டு ரத்தத்தை நிறுத்தும் கருவி) கொடுப்பார். கிளவுஸில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை இருந்தால் விரலில் பொட்டுப் போல் சுட்டுவிடும். கருவியை உள்ளங்கை முழுக்கப் பதியப் பிடியுங்கள். காட்டரி முனை கருவியைத் தொட்ட பிறகுதான் சுவிட்சை அழுத்த வேண்டும், காற்றிலேயே அழுத்திக்கொண்டு வரக் கூடாது.

ஆல்கஹால் கலந்த மருந்து தடவினால் முடியில்லாத தோலில் குறைந்தது 3 நிமிடம் காய விடுங்கள். முடி உள்ள இடத்தில் ஒரு மணி நேரம் கூட ஆகலாம். தொப்புளில் தேங்கியது, முதுகுக்கு அடியில் ஓடி விரிப்பில் ஊறியது எல்லாவற்றையும் எடுத்த பிறகுதான் டிரேப். ஆல்கஹால் சுவாலை தியேட்டர் விளக்கு வெளிச்சத்தில் சரியாகத் தெரியாது, துணி கருகும்போதுதான் தெரியும். முகம், கழுத்து கேஸில் மூக்கில் ஆக்சிஜன் ஓடினால் காட்டரி எடுக்கும் முன் மயக்க மருந்து டாக்டரிடம் சொல்லிவிட்டு, அவர் குறைத்த பிறகும் சற்றுப் பொறுங்கள். டிரேப்புக்கு அடியில் தேங்கியது உடனே கலையாது.

காட்டரிப் புகைக்கு சர்ஜிக்கல் மாஸ்க் போதும் என்று நினைப்பது

போதாது. அந்தத் துகள்களுக்கு அது சல்லடை மாதிரி. புகை உறிஞ்சியின் முனையைப் புகை கிளம்பும் இடத்திலிருந்து 5 செ.மீ.க்குள் பிடியுங்கள்.

சி-ஆர்ம்

தியேட்டரிலேயே எக்ஸ்-ரே காட்டும் இந்த மெஷினில், கதிரை வெளிவிடும் டியூப் மேஜைக்குக் கீழே, படத்தை வாங்கும் இமேஜ் இன்டென்சிஃபையர் நோயாளியை ஒட்டி மேலே. தலைகீழாக வைத்தால் சிதறும் கதிர் முகத்துக்கும் தைராய்டுக்கும் ஏறி வரும். ஒரு மீட்டரில் நின்றவர் இரண்டு மீட்டருக்கு நகர்ந்தால் டோஸ் ஏறக்குறைய கால் பங்காகும். முன்பக்கம் மட்டும் மூடும் லெட் (ஈய) ஏப்ரன் போட்டுக்கொண்டு மெஷினுக்கு முதுகைக் காட்டி நிற்பவரை வாரம் ஒருவரையாவது பார்க்கலாம்.

லெட் ஏப்ரனை மடித்து வைப்பது

மடிப்பில் விரிசல் விழும், வெளியே தெரியாது. ஹேங்கரில் தொங்கவிடுங்கள். சந்தேகம் இருந்தால் ஏப்ரனையே சி-ஆர்மில் வைத்துப் பாருங்கள்.

டி.எல்.டி. பேட்ஜை லாக்கரில் விடுவது

மேலே படும் கதிரை அளக்கத்தான் அந்த பேட்ஜ். லாக்கருக்குக் கதிர் படுவதில்லை.

ஃபார்மலினைத் தியேட்டருக்குள் ஊற்றுவது

வெட்டி எடுத்த திசுவைக் கெடாமல் வைக்கும் அந்தத் திரவத்தைக் காற்றோட்டமுள்ள வேறு இடத்தில் முன்பே நிரப்பி, மூடி வந்த டப்பாவை மட்டும் உள்ளே கொண்டு வாருங்கள்.