பிக்கப் வண்டியின் ஆக்ஸில் கியர் விகிதத்தை மாற்றலாமா? கணக்கிட்டு முடிவெடுக்கும் முறை

பெரிய டயர் மாட்டிய பிறகோ, கனமான டிரெய்லரை இழுக்கத் தொடங்கிய பிறகோ பிக்கப் வண்டி மந்தமாகிவிட்டதாகத் தோன்றினால், ஆக்ஸில் கியரை மாற்றிவிடலாம் என்ற எண்ணம் வருவது இயல்பே. ஆனால் ஆக்ஸிலைப் பிரித்துச் செய்யவேண்டிய பெரிய வேலை இது என்பதால், 'மந்தம்' என்ற உணர்வை மட்டும் நம்பி இறங்காமல், காகிதமும் பேனாவும் எடுத்துச் சில எண்களைப் பார்த்துவிடுவது நல்லது.

ஆக்ஸிலுக்குள் இருக்கும் பெரிய பல்சக்கரமான கிரவுன் வீலின் பற்களை, அதைச் சுழற்றும் சிறிய பல்சக்கரமான பினியனின் பற்களால் வகுத்தால் கிடைப்பதே ஆக்ஸில் விகிதம். 41 பல்லும் 11 பல்லும் என்றால் 3.73, அதாவது கியர்பெட்டியிலிருந்து ஆக்ஸிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் 3.73 முறை சுற்றினால் சக்கரம் ஒரு முறை சுற்றும். இந்த எண் கூடக்கூடச் சக்கரத்தில் இழுவிசை கூடும். அதே வேகத்தில் ஓட எஞ்சினும் அதிகமாகச் சுற்ற வேண்டியிருக்கும். உங்கள் வண்டியின் விகிதத்தைத் தயாரிப்பாளரின் ஸ்டிக்கரிலோ ஆக்ஸிலில் உள்ள தகட்டிலோ காணலாம். அவை இல்லையென்றால், டிஃபரன்ஷியல் (இரு பக்கச் சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற இடமளிக்கும் அமைப்பு) லாக் இல்லாததாக இருக்கும் பட்சத்தில், தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, ஒரு பின்சக்கரத்தை மட்டும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து, அச்சக்கரத்தை முழுமையாக இரண்டு சுற்று சுற்றிப் பாருங்கள். ஷாஃப்ட் சுற்றும் எண்ணிக்கையே விகிதம். ஆக்ஸிலை முன்பு யாராவது பிரித்திருக்கக்கூடும் என்றால் ஸ்டிக்கரைவிட இந்த எண்ணிக்கையையே நான் நம்புவேன்.

டயர் மாற்றத்தால் வந்த குறை என்றால் கணக்கு எளிது: பழைய விகிதத்தைப் புதிய டயரின் விட்டத்தால் பெருக்கி, பழைய டயரின் விட்டத்தால் வகுக்கவும். 3.55 விகிதமுள்ள வண்டியில் 31 அங்குல டயருக்குப் பதிலாக 35 அங்குல டயர் வந்தால் விடை ஏறத்தாழ 4.01, கடையில் கிடைக்கும் 4.10 அதற்கு அருகில் நிற்கிறது.

அடுத்து எஞ்சின் சுற்று. மணிக்கு எத்தனை கி.மீ. என்பதை ஆக்ஸில் விகிதத்தாலும், ஓடும் கியரின் விகிதத்தாலும், 209 என்ற எண்ணாலும் பெருக்கி, டயரின் விட்டத்தால் (அங்குலத்தில்) வகுத்தால் நிமிடத்துக்கான சுற்று கிடைக்கும். மேற்சொன்ன வண்டியின் ஆறாம் கியர் 0.67 என்று கொண்டால், 100 கி.மீ. வேகத்தில் பழைய டயரில் சுமார் 1,600 சுற்று இருந்தது, புதிய டயரில் 1,420 ஆகக் குறைகிறது, 4.10 போட்டால் 1,640 ஆகும்.

இங்கேதான் பலரும் கவனிக்கத் தவறும் ஒன்று இருக்கிறது. அதே வண்டியின் ஐந்தாம் கியர் 0.85 என்றால், ஒரு கியர் இறக்கினாலே சுற்று 1,800 ஆகிவிடுகிறது. அதாவது ஆக்ஸிலை மாற்றிப் பெறுவதைவிடவும் பெரிய ஏற்றம், செலவே இல்லாமல். ஆகவே ஆறாம் கியர் விழாதபடி தடுத்து, வழக்கமான சுமையோடு வழக்கமான சாலையில் சில நாட்கள் ஓட்டிப் பாருங்கள். வண்டி நிம்மதியாக ஓடி, எரிபொருளும் பெரிதாகக் கூடவில்லை என்றால் மாற்றம் அவசரமில்லை. மாறாக, நின்ற இடத்திலிருந்து பாரத்தோடு கிளம்பும்போது முதல் கியரே திணறுகிறது, மேட்டில் பின்னோக்கி ஏற்ற முடியவில்லை என்றால், இறக்குவதற்குக் கீழே வேறு கியர் கிடையாது; அந்தக் குறையை ஆக்ஸில் விகிதம்தான் தீர்க்கும். எட்டு அல்லது பத்து கியர்கள் கொண்ட கியர்பெட்டி உள்ள புதிய வண்டிகளில் முதல் கியரே பெரும்பாலும் போதிய இழுவை தருவதால், இந்தத் தேவை நான்கு கியர்கள் மட்டுமே கொண்ட பழைய பெட்டிகளில் உள்ள அளவுக்கு எழுவதில்லை. தயாரிப்பாளர் அனுமதித்த இழுவை எடை, கியரை நீங்களே மாற்றியதால் உயர்ந்துவிடாது என்பதையும் நினைவில் கொள்ளவும்.

மாற்றுவதென்று முடிவானால், நான்கு சக்கர இயக்கமுள்ள வண்டியில் முன், பின் இரண்டு ஆக்ஸில்களையும் சேர்த்தே மாற்ற வேண்டும். இரண்டும் ஒவ்வாமல் போனால் நான்கு சக்கர இயக்கத்தில் பாகங்கள் ஒன்றையொன்று முறுக்கிச் சேதமாகும். செலவு ஏறக்குறைய இரட்டிப்பாவது இதனால்தான். சில ஆக்ஸில்களில் குறிப்பிட்ட விகிதத்தைத் தாண்டினால் டிஃபரன்ஷியல் கேரியரையும் (கிரவுன் வீல் பொருத்தப்படும் கூடு) மாற்ற வேண்டிவரும். எண் மிக உயரும்போது பினியன் சிறுத்து, பல்லின் வலிமை குறைவதால், தேவைக்கு மேல் ஒரு படி ஏறிவிடுவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். வேகமானி எங்கிருந்து கணக்கெடுக்கிறது என்பதைப் பொறுத்து அதையும் திருத்த வேண்டியிருக்கலாம். சக்கரத்தின் சுற்றிலிருந்து கணக்கெடுக்கும் வேகமானியைத் திருத்தாமல் 35 அங்குல டயரில் ஓட்டினால் 100 காட்டும்போது உண்மையில் 113-ஐ நெருங்கிக்கொண்டிருப்பீர்கள்.

டயரின் அளவை இறுதி செய்த பின்னரே கியர் வாங்கவும். பினியன் ஆழம், பற்களுக்கிடையிலான இடைவெளி, பேரிங் இறுக்கம் ஆகிய மூன்றையும் அளந்து, ஷிம் எனும் மெல்லிய தகடுகள் வைத்துச் சரிசெய்து, பற்களில் சாயம் பூசி அவை ஒன்றையொன்று தொடும் தடத்தைப் பார்க்கத் தெரிந்தவரிடமே வேலையை ஒப்படையுங்கள். இது பிசகினால் ஆக்ஸில் ஊளையிடத் தொடங்கி, பல் விரைவில் தேயும். புதிய கியரை முதலில் சிறிது தூரம் மென்மையாக ஓட்டி, நன்றாக ஆறவிட்டு, பிறகே மீண்டும் எடுக்க வேண்டும். ஏறத்தாழ 800 கி.மீ. கடந்து ஆக்ஸில் ஆயிலை மாற்றும்வரை டிரெய்லரைப் பூட்டாதிருப்பது பாதுகாப்பு.