அரபி மெனு அடிக்கும்போது சறுக்கும் இடங்கள்

வளைகுடாவில் உணவகம் திறக்கும் நம்மவர்கள் பலருக்கு மெனு கார்டின் அரபிப் பகுதி கடைசி நேரத்தில்தான் நினைவுக்கு வருகிறது. ஆங்கிலத்தை இணைய மொழிபெயர்ப்பில் போட்டு, வந்ததை ஒட்டி, அச்சகத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள். சவுதியில் மெனுவில் அரபி கட்டாயம். கத்தாரில் அரபி மொழியைப் பாதுகாக்கவே 2019இல் ஒரு சட்டம் வந்தது. ஆனால் ஆய்வாளருக்காக மட்டும் போட்ட அரபியை உள்ளூர்க்காரர் பார்த்ததுமே கண்டுபிடித்துவிடுவார்.

முதல் சிக்கல் எழுத்துச் சிதறல். அரபி எழுத்துகள் ஒன்றோடொன்று சேரும். சேரும் இடத்துக்கேற்ப வடிவமும் மாறும். அரபிக்கு ஏற்பாடு இல்லாத வடிவமைப்பு மென்பொருளில் அவை தனித்தனியாகப் பிரிந்து, இடமிருந்து வலமாகத் திரும்பிவிடும். நம் ‘கொ’ மூன்று துண்டாக அச்சானது போலத்தான். அரபி தெரியாதவர் கண்ணுக்கு எல்லாம் சரியாகவே தெரியும் என்பதுதான் ஆபத்து. தலைப்பு அழகாக இருக்கட்டும் என்று எழுத்துகளுக்கு இடையே இடைவெளி கூட்டினாலும் இதே கதிதான். அச்சுக்குப் போகுமுன் அரபி படிப்பவர் ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.

அப்புறம் எண்கள். அரபு வரி வலமிருந்து இடமாகப் போனாலும் எண் இடமிருந்து வலமாகத்தான் படிக்கப்படும். அரபி வடிவ ஐந்து நம் கண்ணுக்குப் பூஜ்ஜியம் மாதிரி இருக்கும். அவர்களுடைய பூஜ்ஜியமோ வெறும் புள்ளி. தெரியாமல் கலந்தால் விலை மாறிவிடும். ‘சிக்கன் 65’க்குத் தனிக் கவனம் தேவை: திசை குழம்பி அந்த 65 விலைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தால், அதையே விலை என்று நினைப்பார்கள். இருமொழி மெனுவில் அரபி வலப்புறம், ஆங்கிலம் இடப்புறம், நடுவில் ஒரே விலை என்று வைப்பது நல்லது. ஒரே விலையை இரண்டு இடத்தில் போட்டால், விலை ஏற்றும்போது ஒன்றை மறந்துவிடுவோம்.

தோசை, இட்லி போன்றவற்றுக்கு ஒலியை எழுதி, கீழே ஒரு வரி விளக்கம் கொடுங்கள். அரபியில் ஆங்கில ‘p’ ஒலி இல்லாததால் பரோட்டாவின் முதல் எழுத்து ‘b’ ஆக மாறி ஒலிக்கும். யாரும் குறை சொல்வதில்லை. ஆனால் வெறும் ‘லஹ்ம்’ என்று போட்டால் அது பொதுவாக இறைச்சி. ஆடா மாடா என்று எழுதியே ஆக வேண்டும்.

சவுதியில் கலோரி அளவும் 2019 முதல் கட்டாயம். ஆங்கிலப் பக்கத்தில் மட்டும் போட்டுவிட்டு அரபிப் பக்கத்தை விட்டுவிடாதீர்கள்.