முயல் என்ன செய்தது என்று எழுதுங்கள்

எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கிய பிள்ளைகளுக்காகப் பழைய மிருகக் கதைகளைத் திரும்ப எழுதும் பயிற்சி ஒன்றுக்குப் போன வாரம் போயிருந்தேன். புதிதாக எழுத வந்தவர்களின் தாள்களைப் புரட்டப் புரட்ட, 15 வருடத்துக்கு முன் நான் செய்த தவறுகள்தான் கண்ணில் பட்டன. எழுத்துப் பிழை, நீளப் பத்தி எல்லாம் நீங்களே திருத்திக்கொள்வீர்கள். மற்றதைச் சொல்கிறேன்.

'தந்திரமாக' என்று ஒரு சொல்லில் முடிப்பது

பஞ்சதந்திரத்துச் சிங்கமும் முயலும் கதையையே எடுத்துக்கொள்வோம். எட்டுப் பக்கம், பக்கத்துக்கு இரண்டு வரி என்று அளவு கொடுத்தால் எல்லாரும் ஒரே இடத்தில்தான் வெட்டுகிறார்கள். சிங்கத்தின் கொடுமைக்கு மூன்று பக்கம். விலங்குகள் கூடிப் பேசுவதற்கு மூன்று பக்கம். அப்புறம், "முயல் தந்திரமாகச் சிங்கத்தைக் கிணற்றில் தள்ளியது." முயல் எங்கே தள்ளியது? சிங்கம் தானாகவே அல்லவா குதிக்கிறது! கதையின் உயிரே அதில்தான் இருக்கிறது.

நானும் இப்படித்தான் எழுதினேன். 500 பிரதி அச்சாகி வந்துவிட்டது. இரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி வரிக்கு அடியில் விரல் வைத்துப் படித்தாள். 'தந்திரமாக' என்ற சொல்லில், 'ந்'தில் நின்றாள். உதட்டை அசைத்துப் பார்த்தாள், திரும்ப 'த'விலிருந்து வந்தாள், தாண்டினாள். கடைசிப் பக்கம் முடிந்ததும் நிமிர்ந்து, "முயல் என்ன பண்ணுச்சு?" என்று கேட்டாள். அவ்வளவு பாடுபட்டுப் படித்தவளுக்கு அதற்கான பதில் புத்தகத்தில் இல்லை. இன்றைக்கும் அந்தச் சொல்லைக் கதையில் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

முயல் வேண்டுமென்றே தாமதமாக வருகிறது. சிங்கம் பசியில் உறுமுகிறது. "வழியில் இன்னொரு சிங்கம் மறித்தது" என்கிறது முயல். "எங்கே அது?" கிணற்றடிக்குப் போகிறார்கள். சிங்கம் எட்டிப் பார்க்கிறது, உள்ளே ஒரு சிங்கம். கர்ஜிக்கிறது, உள்ளேயிருந்தும் கர்ஜனை. பாய்கிறது. எல்லாமே சின்னச் சின்ன வாக்கியம், ஒன்றுகூட விடக்கூடாது. இடம் போதவில்லையா? முன்கதையைக் குறையுங்கள். "காட்டில் ஒரு சிங்கம். தினம் ஒரு விலங்கு அதற்கு இரை. இன்று முயலின் முறை." போதும்.

'சாமர்த்தியமாக', 'புத்திசாலித்தனமாக' என்று மாற்றிப் போட்டாலும் இதே கதிதான். முயல் கெட்டிக்கார முயல் என்று நாம் சொல்லக்கூடாது, படிக்கிற பிள்ளைக்கே தோன்ற வேண்டும். சிங்கம் பாய்வதற்கு முன்னாலேயே "ஐயோ, அது அதோட நிழல்!" என்று பிள்ளை கத்த வேண்டும். அந்த ஒரு நொடிக்காகத்தான் அது ஒவ்வோர் எழுத்தோடும் மல்லுக்கட்டுகிறது.

படம் முந்திக்கொள்வது

"எட்டிப் பார்த்தது" என்ற வரிக்குப் பக்கத்திலேயே தண்ணீரில் சிங்க முகம் தெரியக்கூடாது. தாளைத் திருப்பினால் தெரியட்டும். ஓவியரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

குட்டிச் சொல்லெல்லாம் எளிய சொல் என்று நினைப்பது

'மடு' இரண்டே எழுத்து. எந்தப் பிள்ளையின் காதில் அது விழுந்திருக்கிறது? குரங்கும் முதலையும் கதையில் வரும் 'நாவல்பழம்' நீளம்தான். ஆனால் அதைத் தின்று நாக்கு ஊதாவான பிள்ளை 'நாவ' என்று கூட்டியதுமே மிச்சத்தைச் சொல்லிவிடும். அதேபோல 'கூறியது' வேண்டாம், 'சொன்னது' போதும். 'எட்டிப்பார்த்துக்கொண்டிருந்தது' என்று ஒரே சங்கிலியாகக் கோக்காதீர்கள். அதை வாசித்து முடிப்பதற்குள் யார் எட்டிப் பார்த்தது என்பதே மறந்துபோகும்.

புது முடிவு வைப்பது

வடையைக் காலில் இடுக்கிக்கொண்டு பாடும் காக்கா வரலாம். வடையைப் பறிகொடுத்த காக்காவைப் பிள்ளை படித்த பிறகு.

சிங்கம் திருந்திவிட்டது என்று எழுதுவது

வேண்டாம்.

கடைசிப் பக்கத்தில் நீதி

அந்தப் பக்கத்தைக் கிணற்றுக்குக் கொடுங்கள்.