பிள்ளையின் மனநிலையை மருத்துவரிடம் எடுத்துச் சொல்லும் முறை

பத்தாம் வகுப்புப் பிள்ளை சரியாகச் சாப்பிடாமல், யாரோடும் பேசாமல் முடங்கிக் கிடந்தால், பென்னாகரம், அரூர் பக்கத்துக் கிராமங்களில் 'எதையோ பார்த்துப் பயந்திருக்கும்' என்று மந்திரித்துக் கயிறு கட்டுவார்கள். கட்டிக்கொள்ளுங்கள், அதற்காக மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.

தேர்வு நேரத்துப் பதற்றம் தேர்வோடு போய்விடும். சோகமோ, எரிச்சலோ, எதிலும் நாட்டமின்மையோ இரண்டு வாரங்களுக்குப் பெரும்பாலான நாட்களில் நீடித்து, தூக்கத்தையும் படிப்பையும் கெடுத்தால், அது மனச்சோர்வா என்று பார்க்க வேண்டும். இந்த வயதில் அது அழுகையாக வராமல் கோபமாகவும், காரணம் தெரியாத தலைவலி, வயிற்றுவலியாகவும் வருவதுண்டு. 'திமிர்' என்று நாம் அடக்கிவிடும் பிள்ளைகளில் சிலர் உண்மையில் நோயுற்றவர்கள் என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

மருத்துவமனைக்குப் போகும் முன் ஒரு நோட்டுத் தாளில், மாற்றம் எப்போது தொடங்கியது, எத்தனை மணிக்குத் தூங்குகிறான், எத்தனை நாள் பள்ளிக்குப் போகவில்லை என்பவற்றைத் தேதியோடு எழுதுங்கள். பெற்றோர் பெங்களூரில் கட்டட வேலையிலோ ஓசூர் கம்பெனியிலோ இருக்கும் வீடுகளில் இவற்றையெல்லாம் பார்த்தவர் பாட்டிதான். அவரிடம் கேட்டு எழுதுங்கள். பிள்ளை மருத்துவரிடம் சொல்லத் தானே எழுதும் தாள் தனியாக இருக்கட்டும், அதை நீங்கள் படிக்க வேண்டாம்.

'செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா?' என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. கேட்ட பிறகுதான் பல பிள்ளைகள் வாய் திறக்கிறார்கள். ஆம் என்றால் திட்டாதீர்கள், தனியே விடாதீர்கள், வீட்டிலிருக்கும் பூச்சிமருந்தை உடனே அப்புறப்படுத்துங்கள். 2022 முதல் இயங்கும் டெலிமானஸ் என்ற அரசின் தொலைபேசி மனநல உதவிச் சேவையின் 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். உயிருக்கு ஆபத்தென்றால் 108.

தருமபுரி அல்லது கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஓ.பி. சீட்டு வாங்கும்போது மனநலப் பிரிவு என்று தயங்காமல் சொல்லுங்கள். மருத்துவரோடு பிள்ளை சிறிது நேரம் தனியாகப் பேசட்டும். சிகிச்சை விவரத்தை ரகசியமாகக் காக்க வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்வதால், ஊருக்குத் தெரிந்துவிடுமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. இது என்ன நோய், மாத்திரை எதற்கு, எவ்வளவு காலம், என்ன பக்கவிளைவு வரும் என்று கேட்டு, புரிந்ததை உங்கள் சொற்களில் மருத்துவரிடமே திரும்பச் சொல்லிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். படித்தவர்களும் இதைச் செய்வதில்லை.

மனச்சோர்வு மாத்திரையின் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். முதல் வாரங்களில் பிள்ளையைக் கூடுதலாகக் கவனியுங்கள். பதற்றமோ சாகும் எண்ணமோ கூடினால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். தேறிவிட்டான் என்று நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். மறுமுறை வரச் சொன்ன தேதியை அதே தாளின் மேல் எழுதி, பாட்டியிடமும் சொல்லிவையுங்கள்.