கார்டு வேண்டாம் என்று நானும்தான் சொன்னேன்

போன மாதம் தெரபி மையத்து வாசலில், ஆட்டிசம் உள்ள பிள்ளையின் தாய் ஒருத்தி மாற்றுத்திறனாளிச் சான்றிதழையும் அட்டையையும் பற்றிச் சொன்னாள்: "அக்கா, தெரபிக்கெல்லாம் கூட்டிட்டு வர்றோம். கார்டு மட்டும் வாங்க மாட்டோம். நாளைக்கு நல்லாப் பேசிட்டான்னா, அவன் பேர்ல அது நின்னுடுமே."

என் மகனுக்கும் ஆட்டிசம். அவன் எட்டாம் வகுப்பு படித்தபோது நான் சொன்னதும் இதேதான். "ஆம்பளப் பிள்ளை, மெதுவாத்தான் பேசும்" என்று காத்திருக்கக் கூடாது என்பதெல்லாம் இப்போது எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிட்டு, நம்மைப் போன்ற பெற்றோர் செய்யும் மற்ற தவறுகளைச் சொல்கிறேன்.

சான்றிதழைத் தள்ளிப் போடுவது

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கணக்கில் கொள்ளும் 21 குறைபாடுகளில் ஆட்டிசமும் ஒன்று. எனக்கு அது தெரியும். தெரிந்தும் சொந்தக்காரர்களுக்குப் பயந்து போகவில்லை.

பத்தாம் வகுப்புத் தேர்வுச் சலுகைக்கு அலைந்தபோது பள்ளியில் முதலில் கேட்டது சான்றிதழை. இல்லை. கூடுதலாக ஒரு மணி நேரம் கிடைத்திருக்க வேண்டிய பிள்ளை, எல்லோரோடும் உட்கார்ந்து எழுதினான். மணி அடித்ததும் தாளை வாங்கிவிட்டார்கள். வெளியே வந்தவன் பாதியில் நின்ற கணக்கை விரலால் தொடைமேல் எழுதிக்கொண்டே நடந்தான். பஸ் ஏறியும் நிறுத்தவில்லை. கணக்கு அவனுக்கு வராத பாடம் இல்லை. இன்றும் அந்த விரல்தான் என் கண்ணில் நிற்கிறது. அதனால்தான் "அப்புறம் வாங்கிக்கலாம்" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

சான்றிதழ் வாங்கப் போகிறவர்களும் மதிப்பீட்டு நாளில் ஒரு தவறு செய்கிறார்கள். ஆட்டிசத்தை மதிப்பிடும் 'ஐசா' (ISAA) என்ற அளவுகோலில் 40 கூறுகள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். கூட்டுத்தொகை 70-க்குக் கீழே போனால் ஆட்டிசம் இல்லை என்று ஆகிவிடும். பெரும்பாலும் நம் பதிலை வைத்துத்தான் மதிப்பெண் விழும். அங்கே உட்கார்ந்து, "வீட்ல நல்லாத்தான் சாப்பிடுவான், சொன்னா கேப்பான்" என்று பிள்ளையை விட்டுக்கொடுக்காமல் பேசுகிறோம். ஊட்டிவிடுவது நாம்தான் என்பதைச் சொல்வதில்லை. முந்தின வாரமே ஒரு நோட்டில் எழுதுங்கள்: எத்தனை முறை எழுந்தான், எந்தச் சத்தத்துக்குக் காதைப் பொத்தினான், பல் தேய்க்க யார் கை பிடித்தது. அதைப் பார்த்துப் பதில் சொல்லுங்கள்.

சான்றிதழில் செல்லுபடித் தேதி போட்டிருந்தால் காலண்டரில் குறித்து வையுங்கள்.

நிராமயாவைக் கேள்விப்படாமலே இருப்பது

மத்திய அரசு அமைப்பான நேஷனல் டிரஸ்டின் மருத்துவக் காப்பீடு இது. வருடத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரை. வயது வரம்பில்லை, முன் மருத்துவப் பரிசோதனையும் இல்லை. தெரபிச் செலவுக்கும் உண்டு; அதற்குத் தனி உச்சவரம்பு. இதற்கும் அந்தச் சான்றிதழ்தான் வேண்டும். தெரபி ரசீதை ஒன்றுவிடாமல் எடுத்து வையுங்கள்.

"குணமாக்கித் தருகிறோம்" என்பவரிடம் முன்பணம் கட்டுவது

கட்டாதீர்கள்.

தெரபிஸ்டின் பதிவு எண்ணைக் கேட்கக் கூச்சப்படுவது

ஸ்பீச் தெரபிஸ்ட், சிறப்பாசிரியர் என்றால் இந்திய மறுவாழ்வு மன்றப் பதிவு இருக்க வேண்டும். கேளுங்கள். முறையாகப் படித்தவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

சென்னைப் பக்கம் இருப்பவர்கள் முட்டுக்காட்டில் பன்முகக் குறைபாடுள்ளவர்களுக்காக மத்திய அரசு நடத்தும் தேசிய நிறுவனத்துக்கு (NIEPMD) ஒருமுறை போய் வாருங்கள். மற்ற ஊர்க்காரர்கள் மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையத்தில் (DEIC) தொடங்கலாம்.

பதினெட்டு வயதை மறப்பது

பிள்ளைக்குப் பதினெட்டு நிறைந்த பிறகு சட்டப்படி நாம் தானாகவே காப்பாளர் (கார்டியன்) ஆகிவிடுவதில்லை. 1999-ஆம் ஆண்டின் நேஷனல் டிரஸ்ட் சட்டப்படி, கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் மனுப் போட வேண்டும். பிறந்தநாளுக்கு முன்பே காகிதங்களைச் சேர்த்து வையுங்கள்.